கொல்லன் மகனின் முதற் பொறி

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழ்வோருக்கு இரும்பு அயற்பொருளன்று. பிரித்தானியக் கடற்படையினர் 1957ஆம் ஆண்டில் இவ்விடத்தை விட்டு நீங்கியபோது, எண்ணெய்த் தாங்கிகளும் இறங்குதுறைகளும் பட்டறைகளுமாக அவர்கள் விட்டுச்சென்றவற்றுட் பெரும்பகுதி இரும்பே. கொட்பேயில் ஒதுங்கும் படகுகளின் இரும்புறுப்புகளுக்கும், உப்புக்காற்றினால் ஆண்டுதோறும் துருவேறும் வீட்டுப் படலைகளுக்கும் இன்றும் வைத்தியம் பார்ப்பது வெல்டிங் பட்டறையே. பற்றவைத்தல் என்று தமிழ்ப்படுத்தினாலும், காய்ச்சியிணைத்தல் என்று தொழிற்கல்வி நூல்கள் எழுதினாலும், தெருவில் அதற்கு வெல்டிங் என்பதே பெயர். நானும் அப்பெயரையே இங்கு ஆளுகின்றேன்.

அண்மைக் காலத்தில் வேறொரு சாராரும் இக்கலையை நாடத் தொடங்கியுள்ளனர். பிழைப்புக்காக அன்றி, ஓய்வு நேரத்திலே தம் கையாற் பூச்சட்டி வைக்க ஒரு நிலையமோ, சைக்கிளுக்கு ஒரு கரியரோ செய்து பார்க்க விழையும் எழுதுவினைஞரும் ஆசிரியரும் மாணவருமே அவர்கள். விஞ்ஞானம் கற்பித்தவன் என்ற ஒரே காரணத்தால், குறைந்த விலையில் முதன்முதலாக எந்தப் பொறியை வாங்கலாம் என்று என்னிடம் வந்து கேட்பாரும் உளர். அவ்வாறு வந்த தம்பி ஒருவர் தம் சட்டைப் பையில் வைத்திருந்த தொகை ஓராண்டு காலம் சிறுகச் சிறுகச் சேர்த்தது. தவறான பெட்டியை வாங்கினால் ஓராண்டு போகும். தவறான முறையிற் கையாண்டால் கண் போகும். அவருக்கு நான் கடையின் பெயரைச் சொல்லவில்லை. மைக்கேல் பரடேயின் சரித்திரத்தைச் சொன்னேன்.

ஏன் பரடே என்று வாசகர் வினவலாம். வெல்டிங் வேலைக்கு அடிப்படையானவை இரண்டு. ஒன்று, இரும்பை உருக்கும் மின்வில். மற்றொன்று, வீட்டு மின்சாரத்தை அந்த வில்லுக்கு ஏற்றவாறு மாற்றிக்கொடுக்கும் நிலைமாற்றி. மின்வில் இலண்டன் மாநகரின் அல்பமார்ல் வீதியிலுள்ள ரோயல் நிறுவனம் என்னும் மாளிகையிற் காட்டப்பெற்றுப் புகழடைந்தது. நிலைமாற்றிக்கு முதல் வடிவமும் அதே மாளிகையின் நிலவறையிலே பிறந்தது. அம்மாளிகையின் மேன்மாடத்து அறைகளில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு குடியிருந்த பரடேயோ, பையிற் பணமில்லாமல் முதற் கருவியைத் தேடியவர். மேலும், அவர் ஒரு கொல்லனின் மகன்.

1791ஆம் ஆண்டு செப்டெம்பர் 22ஆந் திகதி, அந்நாளில் இலண்டனுக்குப் புறத்தேயிருந்த நியூவிங்டனில் மைக்கேல் பிறந்தான். தந்தை ஜேம்ஸ் பரடே வட இங்கிலாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த இரும்புக் கொல்லர். அக்காலத்து வெல்டிங் என்பது அவருடைய உலைக்களத்து வேலையேயாம். இரண்டு இரும்புத் துண்டுகளை வெண்ணிறமாகப் பழுக்கக் காய்ச்சி, பட்டடைமேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சம்மட்டியால் அடித்து ஒன்றாக்குவர். நம்மூர்க் கொல்லர் கலப்பைக் கொழுவுக்கும் கத்திக்கும் செய்ததும் இதுவே. அதற்கு உடல் வலிமை வேண்டும். ஜேம்ஸின் உடல்நிலையோ நாளடைவிற் குன்றியது. உலை எரியாத நாளில் அடுப்பும் எரியாது. 1801இல் உணவுப் பண்டங்களின் விலை உச்சத்திலிருந்தபோது, ஒன்பது வயதுச் சிறுவனாகிய மைக்கேலுக்கு ஒரு வாரத்துக்கென ஒரு பாண் கொடுக்கப்பட்டது. அதனை நாளுக்கு இவ்வளவென்று பங்கிட்டு உண்பது அவன் பொறுப்பு. அவனுடைய பிற்கால ஆய்வுக் குறிப்புகளிற் காணப்படும் அளவும் ஒழுங்கும் அந்தப் பாணிலிருந்தே தொடங்கின என்று எண்ணுவது எனக்குப் பிடித்தமான கற்பனை.

எழுத்து, வாசிப்பு, சிறிது கணக்கு ஆகிய மூன்றோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. 1804இல், பிரெஞ்சு வழிவந்த றீபோ என்பவரின் புத்தகக் கடையிற் பத்திரிகை கொண்டுசென்று கொடுக்கும் பையனாகச் சேர்ந்தான். அக்காலத்தில் மக்கள் பத்திரிகையை வாடகைக்கும் பெற்று வாசித்தனர். ஒரு வீட்டில் வாசித்து முடித்ததை வாங்கி அடுத்த வீட்டிற் கொடுப்பதும் பையனின் வேலையே. மறு ஆண்டு றீபோ அவனைப் புத்தகங் கட்டும் தொழில் பழகுவதற்கு ஏழாண்டு உடன்படிக்கையில் எடுத்துக்கொண்டார். தொழில் பழகுவோர் கட்டவேண்டிய பணத்தை, பையனின் நேர்மையை எண்ணி, அவர் வாங்கவில்லை. உலகம் றீபோவை மறந்துவிட்டது. பணம் கேட்டிருப்பாராயின் பரடே என்ற பெயரையும் உலகம் அறிந்திராது.

கட்டுவதற்கு வந்த புத்தகங்களைக் கட்டுமுன் வாசிப்பது மைக்கேலின் வழக்கமாயிற்று. பிரித்தானியக் கலைக்களஞ்சியத் தொகுதியொன்றில் மின்சாரத்தைப் பற்றிய கட்டுரை கண்ணிற் பட்டது. ஜேன் மார்செட் அம்மையார் உரையாடல் வடிவில் எழுதிய இரசாயன நூல் அடுத்துக் கைக்கு வந்தது. வாசித்ததை அப்படியே நம்பாது செய்து பார்க்கவேண்டும் என்பது அவன் மனப்போக்கு. செய்து பார்க்கக் கருவி வேண்டும். கருவிக்குப் பணம் வேண்டும். உராய்வினால் மின்னேற்றும் பொறிக்கு நேர்த்தியான கண்ணாடி உருளை தேவை. அது கைக்கெட்டாத காலத்தில், சாதாரணக் கண்ணாடிப் புட்டியொன்றைக் கொண்டே தன் முதற் பொறியை ஆக்கினான். உண்மையான உருளை பின்னரே வந்தது.

அடுத்து ஆக்கியது வோல்ட்டாவின் மின்னடுக்கு. 1812ஆம் ஆண்டு யூலை மாதத்தில் நண்பன் அபொட்டுக்கு எழுதிய மடலில் இதனை அவன் பெருமிதத்தோடு விவரித்துள்ளான். செப்பு நாணயமாகிய அரைப்பென்னிகள் ஏழு. நாகத் தகட்டிலிருந்து அந்நாணய அளவுக்குத் தன் கையாலே வெட்டிய வட்டங்கள் ஏழு. இடையிடையே வைக்க உப்புநீரில் நனைத்த கடதாசித் துண்டுகள் ஆறு. இவ்வளவே பொறி! இதனைக் கொண்டு, பேதியுப்பு என்று மருந்துக்கடையில் விற்கும் மகனீசியம் சல்பேற்றின் கரைசலைப் பிரித்துக் காட்டினான். செப்புத் தகடு வாங்கப் பணமில்லாத இடத்திற் பணத்தையே செப்புத் தகடாக்கிய சாதுரியம் இது. அடுக்கைக் கழற்றினால் நாணயம் மறுபடி நாணயமாகிவிடும். கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு இளமையிற் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்து சேர்த்த பணத்திற் பழைய மோட்டார் சைக்கிளொன்றை வாங்கி, அதனைப் பிரித்துப் பூட்டிக் கற்ற கதையைத் தமிழ் வாசகர் அறிவர். இருவரும் ஒரே இனத்தவர்.

அதே காலத்தில் அந்த மாளிகையிற் சேர் ஹம்பிரி டேவி ஈராயிரம் சோடித் தகடுகள் கொண்ட பேரடுக்கை வைத்திருந்தார். ஆயினும் சிறு கிண்ணத்திலுள்ள உப்புக்கரைசலைப் பிரிப்பதற்கு ஏழு சோடியே போதியதாயிற்று. தம்பிக்கு இந்த இடத்தை இரண்டு முறை சொன்னேன். செய்யப்போகும் வேலையின் அளவு தெரியாமற் பொறியின் அளவைத் தீர்மானிக்கலாகாது. படலைக்கும் பூச்சட்டி நிலையத்துக்கும் பயன்படும் பொக்ஸ் பார் என்னும் சதுரக் குழாயின் தடிப்பு ஒன்றரை அல்லது இரண்டு மில்லிமீற்றர். கோண இரும்பு மூன்று முதல் ஐந்து. இவற்றுக்கு இரண்டரை மில்லிமீற்றர் வெல்டிங் குச்சி போதும். அக்குச்சிக்கு 60 முதல் 90 அம்பியர் வரை வேண்டும். சற்றுப் பருத்த 3.2 மில்லிமீற்றர் குச்சியும் 130 அம்பியருக்குள் அடங்கிவிடும். எனவே, உண்மையாகவே 140 அம்பியர் தரக்கூடிய பெட்டி ஓய்வுநேர வேலைக்குத் தாராளம்.

உண்மையாகவே என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணமுண்டு. கையிலே தூக்கிச் செல்லக்கூடிய சின்னஞ்சிறு பெட்டியின் நெற்றியில் 300 என்று பொறித்து விற்கின்றார்கள். மாணவர் எவரும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 300 அம்பியரில் எரியும் வில்லுக்கு ஏறத்தாழ 32 வோல்ற்று வேண்டும். இரண்டையும் பெருக்கினால் 9,600 உவாற்று. நம் வீட்டுச் சுவரிலுள்ள 13 அம்பியர்ச் செருகி 230 வோல்ற்றில் ஏறத்தாழ 3,000 உவாற்றுக்கு மேல் தரமாட்டாது. வீடு முழுவதற்குமே பொதுவாகக் கிடைப்பது 30 அம்பியர் இணைப்பு. ஆகவே நெற்றியெழுத்தை நம்பாது முதுகுப்புறத் தகட்டை வாசிக்கவேண்டும். அங்கே, பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் அப்பெட்டி முழு வலுவில் உழைக்கும் என்பது நூற்றுவீதமாகக் குறிக்கப்பட்டிருக்கும். இருபது வீதமென்றால், இரண்டு நிமிடம் வேலை, எட்டு நிமிடம் இளைப்பாறல். வீட்டு வேலைக்கு அது குறையன்று; எட்டு நிமிடத்தில் அடுத்த துண்டை அளந்து வெட்டிக்கொள்ளலாம். அத்தகடே இல்லாத பெட்டியை, எவ்வளவு மலிவாயினும், கடையிலேயே விட்டுவருவது நன்று.

மைக்கேலின் தமையன் றொபேட்டும் கொல்லரே. விஞ்ஞானி டேட்டம் தம் வீட்டில் நடத்திய மாலை விரிவுரைகளுக்குக் கட்டணம் ஒரு சிலிங். தம்பிக்கு அதைக் கொடுத்தவர் இத்தமையனே. பின்னர் கடைக்கு வரும் வில்லியம் டான்ஸ் என்ற கனவான் டேவியின் விரிவுரைகள் நான்குக்கு நுழைவுச்சீட்டு வழங்கினார். 1812இன் முற்பகுதியில், ரோயல் நிறுவன மண்டபத்தின் மேல்வரிசையில், மணிக்கூட்டுக்கு மேலேயுள்ள இருக்கையில் அமர்ந்து மைக்கேல் அவற்றைக் கேட்டான். கேட்டதைப் படங்களோடு விரித்தெழுதி, தன் தொழிற்றிறத்தால் நூலாகக் கட்டி, அவ்வாண்டு முடிவில் டேவிக்கு அனுப்பினான்.

டேவி அக்காலத்தில் ஐரோப்பா புகழும் அறிஞர். இரண்டு கரித்துண்டுகளைப் பேரடுக்கோடு தொடுத்து, முனைகளைத் தொடவைத்து மெல்ல விலக்கினால், இடைவெளியில் ஞாயிறுபோன்ற சுடர் வில்லாக வளைந்து எரியும் என்பதைப் பெருங்கூட்டத்தின் முன் காட்டியவர் அவர். இன்று உட்துறைமுக வீதிப் பட்டறையில் எரிவதும் அச்சுடரே. குச்சியால் இரும்பைக் கீறித் தொட்டுச் சற்றே விலக்கும் நம் வெல்டிங்காரரின் கையசைவு, டேவியின் கையசைவேதான்.

அவ்வாண்டின் பிற்பகுதியிலே நைதரசனும் குளோரினும் சேர்ந்த கொடிய சேர்வையொன்று டேவியின் கையில் வெடித்து அவர் கண்ணைக் காயப்படுத்தியது. கண் ஆறும்வரை எழுதிக் கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. அதற்குச் சில நாள் மைக்கேல் அமர்த்தப்பட்டான். சில மாதத்தில், ஆய்வுகூட உதவியாளர் ஒருவர் சண்டையிட்டு வேலையிழக்க, 1813 மார்ச் மாதத்தில் அவ்விடம் நிரந்தரமாகக் கிடைத்தது. வாரச் சம்பளம் 25 சிலிங், மேன்மாடத்தில் இரண்டு அறை, விறகும் மெழுகுதிரியும் இலவசம்.

புகுந்த சில வாரங்களில் அதே வெடிசேர்வையோடு வேலை. இம்முறை இருவரும் முகத்துக்குக் கண்ணாடிக் கவசம் அணிந்துகொண்டனர். பரடே விரலிடையே பிடித்திருந்த குழாய் வெடித்துக் கையைத் திறந்தெறிந்து, நகத்தின் ஒரு பகுதியைப் பிய்த்துச் சென்றது, சிதறிய கண்ணாடி கவசத்தைக் கீறியது, முகம் தப்பியது. பத்தாண்டு கழித்து, 1823இல், குளோரின் வாயுவைத் திரவமாக்கும் முயற்சியில் மற்றொரு குழாய் வெடித்தபோது அவருடைய கண்ணிலிருந்து எடுக்கப்பட்ட கண்ணாடித் துணுக்குகள் பதின்மூன்று. பார்வை தப்பியது நம் நற்பேறு. நிலைமாற்றியின் முதல் வளையம் அப்பொழுது இன்னும் பிறக்கவில்லை.

பொறியின் விலைக்கு முன்னர்க் கவசத்தின் விலையை ஒதுக்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனாலேயே. வில்லின் ஒளியிற் கண்ணுக்குத் தெரியாத ஊதாக்கடந்த கதிர்கள் உண்டு. வெறுங்கண்ணால் நோக்கியவருக்கு உடனே ஒன்றும் தெரியாது. நள்ளிரவிற் கண்ணுக்குள் மணலைக் கொட்டினாற்போல எரியும். வெயிற்கண்ணாடி இதனைத் தடுக்காது. 10ஆம் அல்லது 11ஆம் இலக்கக் கறுப்புக் கண்ணாடி பொருத்திய முகக்கவசம் வேண்டும். வில் மூண்டதும் தானே இருளும் கவசம் விலை கூடியதாயினும், குச்சியை எங்கே தொடுகின்றோம் என்று தெரிவதால், புதிதாய்ப் பழகுவோருக்கு நல்ல துணை. அடுத்து, மணிக்கட்டை மூடும் தோற் கையுறை, முழுக்கைப் பருத்திச் சட்டை, மூடிய சப்பாத்து. பொலியெஸ்ரர் உடை பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிவிடும். நாகம் பூசிய குழாயை ஒட்டுவதாயின் பூச்சை முதலில் அராவி நீக்கவேண்டும். அதன் புகை காய்ச்சலைத் தரும். மழைநீர் தேங்கிய நிலத்தில் வேலையே கூடாது. எரிபொருள் இருந்த படகுத் தாங்கியை, வெறுமையாயினும், ஓய்வுநேரக் கைவினைஞர் தொடவே கூடாது. வெறுந் தாங்கியில் எஞ்சிய ஆவியே பெருங்கேடு. வேடிக்கை பார்க்கச் சூழும் பிள்ளைகளுக்கும் கண்ணுண்டு என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

1813இன் இலையுதிர்காலத்திற் டேவி தம்பதியர் ஐரோப்பாச் சுற்றுலா சென்றபோது பரடேயும் உடன்சென்றார். செல்வச் செருக்குடைய டேவியின் மனைவியார் அவரை வேலைக்காரனாகவே நடத்தினார். பாரிசில் அம்பேரையும் இத்தாலியில் முதுமையெய்திய வோல்ட்டாவையும் கண்டதே அவமானத்துக்கு மருந்து. டேவியின் தம்பி யோன் டேவி, படை வைத்தியராக 1816 முதல் 1820 வரை நம் இலங்கையில் இருந்து, இந்நாட்டைப் பற்றிப் பெருநூலொன்றை 1821இல் வெளியிட்டவர் என்பது பலரும் மறந்த செய்தி.

துறைமுகத்தார்க்கு உவப்பான ஒரு வேலையையும் இங்குக் குறிப்பிடல் தகும். கடற்படை மரக்கலங்களின் அடியைப் போர்த்திய செப்புத் தகடு கடல்நீரில் அரிக்கப்படுவதைத் தடுக்க, 1820களில் டேவி சிறு நாகத் துண்டையோ இரும்புத் துண்டையோ செப்போடு தொடுத்துப் பார்த்தார். ஆய்வுகளிற் பரடே துணைநின்றார். செப்பு அரிபடுவது நின்றது. ஆனால் நஞ்சிழந்த செப்பின்மேல் சிப்பியும் பாசியும் ஏறிக் கப்பலின் ஓட்டத்தைக் கெடுத்தன. முயற்சி கைவிடப்பட்டது. எனினும் இன்றைய இரும்புக் கப்பல்களின் அடியில் நாகக் கட்டிகளைப் பொருத்துவது அதே தத்துவத்தினால்தான்.

1821 பரடேயின் நல்லாண்டு. யூனில் சாரா பார்னாட் என்பவரை மணந்தார். செப்டெம்பரில், மின் பாயும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழலும் என்பதைக் காட்டினார். மின்மோட்டாரின் தொடக்கம் அது. வொலஸ்டன் என்ற அறிஞரின் எண்ணத்தைக் களவாடினார் என்ற பழியும் அத்துடன் வந்தது. 1824இல் ரோயல் சங்கத்தில் அவரை உறுப்பினராக்குவதை அதன் தலைவராயிருந்த டேவியே எதிர்த்தார். ஆயினும் தேர்வு நடந்தது. பரடே பின்னாளிலும் டேவியை இகழ்ந்து பேசினாரல்லர். அதனைப் பெருந்தன்மை என்பர். நன்றி என்பதே பொருத்தமென நான் கருதுகின்றேன்.

1831ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29ஆந் திகதிக்கு வருவோம். ஆறு அங்குல விட்டமுள்ள மெல்லிரும்பு வளையம் ஒன்று. அதன் ஒரு பாதியிற் செப்புக் கம்பியைச் சுருள்சுருளாகச் சுற்றினார்; மறு பாதியில் வேறொரு கம்பியைச் சுற்றினார். கம்பிகள் ஒன்றையொன்று தொடாதிருக்க இடையே பருத்தித் துணியும் நூலும். காப்பிட்ட கம்பி கடையிற் கிடையாத காலம். புத்தகங் கட்டிய விரல்கள் துணியையும் நூலையும் கையாள நன்கறியும். முதற் சுருளை மின்னடுக்கோடு தொடுத்த கணத்தில், அதனோடு தொடர்பே இல்லாத இரண்டாஞ் சுருளருகே காந்த ஊசி துள்ளியது. தொடுப்பை எடுத்த கணத்தில் மறுபுறம் துள்ளியது. இடையிலே அசைவில்லை. மாற்றமே மின்னைத் தூண்டுகின்றது. நிலைத்த ஓட்டம் தூண்டுவதில்லை. ஒக்டோபரில், சுருளுக்குள் காந்தத்தை நுழைத்தும் எடுத்தும் அதே விளைவைப் பெற்றார். மின்பிறப்பாக்கியும் நிலைமாற்றியும் அந்த இலையுதிர்காலத்திற் கருக்கொண்டவை.

வெல்டிங் பெட்டிக்குள் இருப்பது இவ்வளையமே. முதற் சுருளிற் சுற்று மிகுதி; இரண்டாவதிற் குறைவு. 230 வோல்ற்றில் ஏறத்தாழ 10 அம்பியரை உள்வாங்கி, 25 வோல்ற்றில் 90 அம்பியராக அது வெளியிடும். வோல்ற்று தாழ அம்பியர் பெருகும். பழைய பொறிகளில் இந்த இரும்பும் செம்பும் இருவர் தூக்கும் பாரம். இன்வேட்டர் எனப்படும் புதுப் பெட்டியோ மின்னை ஒரு செக்கனுக்குப் பல்லாயிரம் முறை மாறவைத்தே வளையத்துக்குள் செலுத்துகின்றது. மாற்றம் விரைந்ததாயின் சிறு வளையமே போதும். ஆகவே உள்ளங்கையில் அடங்கும் நிலைமாற்றியோடு பெட்டி சில கிலோகிராமில் முடிந்துவிடுகின்றது. பரடே மறைந்துவிடவில்லை, சிறுத்துவிட்டார்!

பழையதா புதியதா என்பது அடுத்த கேள்வி. பழைய பொறியில் உப்புக்காற்று கெடுக்கக்கூடிய நுண்ணுறுப்புகள் இல்லை. இரண்டாங் கையாக வாங்கினாலும் இருபதாண்டு உழைக்கும். என் மனம் அதன்பக்கமே சாய்கின்றது. ஆனால் வீட்டு இணைப்பின் வலுவையும் தூக்குவோர் முதுகையும் எண்ணினால் முதன்முதல் வாங்குவோருக்குப் புதியதே ஏற்றது. வில்லும் அதில் எளிதில் மூளும். கடற்கரை வீட்டில் அதனைத் திறந்த தாழ்வாரத்தில் வைக்காது, வேலை முடிந்ததும் துடைத்து மூடி உள்ளே வைத்தல் அவசியம். வெல்டிங் குச்சிகளையும் அவ்வாறே காற்றுப்புகாத தகரத்தில் வைக்கவேண்டும். குச்சியின் மேற்பூச்சு ஈரம் உறிஞ்சினால் ஒட்டு துளைபட்டுப் போகும். 6013 என்ற எண்ணுடைய குச்சி புதியவரின் கைக்கு இணங்கும். 7018 வலியதாயினும் ஈரத்தைச் சற்றும் பொறுக்காது. அத்தம்பி முகக்கவசமும் கையுறையும் முதலில் வாங்கினார். எஞ்சிய பணத்துக்கு 140 அம்பியர்ப் பெட்டி ஒன்று அமைந்தது. கட்டிட வேலையில் மிஞ்சிய இரும்புத் துண்டுகளிற் பழகுகின்றார்.

பரடே தம் வளையத்தை விற்கவுமில்லை, உரிமை கோரவுமில்லை. தொழிலதிபர்களுக்கு ஆலோசனை கூறிப் பெரும்பொருள் ஈட்டும் வாய்ப்பு இருந்தும், 1831ஐ அடுத்த ஆண்டுகளில் அவ்வேலையைப் படிப்படியாகக் கைவிட்டார். அவர் விட்ட இடத்திலிருந்து பிறர் தொடர்ந்தனர். அவர் மறைந்து பதினான்கு ஆண்டின் பின், 1881ஐ ஒட்டி, உருசிய நாட்டு பெனார்தோஸ் கரிமுனை வில்லால் இரும்பை ஒட்டத் தொடங்கினார். 1888இல் ஸ்லாவியானொவ் கரிக்குப் பதிலாக உலோகக் குச்சியையே உருக்கினார். சுவீடன் நாட்டுக் கப்பற் பொறியியலாளர் ஒஸ்கார் கெல்பேர்க், கொதிகலன்களின் பழுதுபார்ப்பு ஒழுங்காக அமையாமை கண்டு, பூச்சுப் பூசிய குச்சியை ஆக்கினார். கொல்லனின் சம்மட்டி செய்த வேலையைக் கொல்லன் மகனின் வளையம் ஏற்றுக்கொண்டது. தந்தையின் தொழிலைப் பரடே ஒருபோதும் இழிவாக எண்ணியதில்லை. 1841இற் சுவிற்சர்லாந்தில் ஓய்வெடுக்கச் சென்றவர், ஆணி செய்யும் பட்டறையில் நின்று பார்த்ததையும், தந்தை கொல்லராதலின் அவ்வேலையெல்லாம் தமக்குப் பிரியமானவை என்பதையும் நாட்குறிப்பில் எழுதினார்.

சேர் பட்டத்தை அவர் ஏற்கவில்லை. ரோயல் சங்கத் தலைமையை இருமுறை மறுத்தார். கிரிமியப் போர்க்காலத்தில் நச்சுவாயு ஆக்குவது பற்றி அரசு வினவியபோது அதில் தாம் கைவைப்பதற்கில்லை என்றார். மறுக்காத பணி ஒன்றிருந்தது. 1836 முதல் ஏறத்தாழ முப்பதாண்டு, இங்கிலாந்துக் கரையின் வெளிச்சவீடுகளுக்கு அவர் விஞ்ஞான ஆலோசகர். விளக்குக் கூண்டில் ஆவி படிந்து ஒளி மங்குவதைத் தடுக்கப் புகைபோக்கி அமைத்தார். 1858இல் சவுத் போலண்ட் வெளிச்சவீட்டில், தம் தூண்டல் தத்துவத்தால் இயங்கும் பொறி கொண்டு, டேவியின் மின்வில்லைக் கடலுக்கு ஒளியாக ஏற்றிப் பரிசோதித்தபோது அவருக்கு வயது 67. 1860இன் குளிர்காலத்தில், உறைபனி பாதையை மூடியிருக்க, மறுபடியும் அங்கே சென்று அவ்வொளியைப் பார்த்து அறிக்கை எழுதினார். நம் கொட்டியாற்றுக் குடாவின் வாயிலில் பவுல் பொயின்ற் வெளிச்சவீடு எழுந்தது 1863இல்.

அந்நாளிலே நினைவு தடுமாறத் தொடங்கியிருந்தது. விக்டோரியா மகாராணியார் ஹம்ப்ரன் கோட்டில் அளித்த வீட்டிற் சாராவோடு கடைசிக் காலத்தைக் கழித்து, 1867 ஓகஸ்ட் 25ஆந் திகதி, நாற்காலியில் அமர்ந்தவாறே பரடே உயிர்நீத்தார். ஹைகேற் மயானத்திலுள்ள கல்லில் அவர் பெயரும், பிறந்த நாளும், இறந்த நாளுமே உள. துணியும் நூலும் சுற்றிய அந்த இரும்பு வளையம் ரோயல் நிறுவனத்தாரிடம் இன்றும் இருக்கின்றது.